ஆள்காட்டியின் பின்விரல்

என் சகலையை வெறுக்க எனக்கு ஒரே ஒரு பழுப்பு இறகு போதுமானதாக இருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே விமான நிலையத்தில் சூப்பர்வைசர்கள். ஓடுபாதைக்கு இடப்பக்கம் போகும் வடிகால்கள் என் பொறுப்பு. வலப்பக்கம் விரிந்து கிடக்கும் புல்தரை அவர் பொறுப்பு. அவர் அக்காவைக் கட்டினார், நான் தங்கையைக் கட்டினேன். நிலையம் கொடுத்த வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில்தான். பின்பக்கச் சுவர் ஒன்று, துவைக்கிற கல் ஒன்று, துணிக்கொடி ஒன்று. என் வீட்டில் தாளித்தால் அவர் வீட்டில் தும்முவார்கள்.

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. விமானத்தில் பறவை அடிபட்டால் அது என்ன பறவை என்று பார்ப்பார்கள். தண்ணீரைத் தேடி வருகிற பறவை என்றால் வடிகாலில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, குற்றம் என்னுடையது. காய்ந்த தரையில் மேய்கிற பறவை என்றால் புல்லை ஒட்ட வெட்டி மொட்டையடித்திருக்கிறார்கள், குற்றம் அவருடையது. ஒரே வருடத்தில் மூன்று அடி ஒரு பிரிவின் தலையில் விழுந்தால் அந்தச் சூப்பர்வைசருக்குப் பதவி போகும், பதவியோடு வீடும் போகும்.

ஆக, காக்கையையும் கோழியையும் தவிர வேறெதுவும் தெரியாத இரண்டு பேர் பறவை சாஸ்திரம் படித்தோம். பறவை மேல் ஆசை வந்து படித்தவர்கள் ஊரில் இருக்கலாம், எங்களுக்கு அந்த நோய் கிடையாது. நான் படம் போட்ட புத்தகம் வாங்கினேன். அடுத்த வாரமே அவர் தொலைநோக்கி வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். நான் சாப்பிடும்போது புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து மனைவியிடம் ஒப்பிப்பேன். எந்தப் பறவைக்கு வால் பிளந்திருக்கும், எதற்கு அலகு வளைந்திருக்கும், எது சேற்றில் நிற்கும், எது சேறு கண்டால் ஓடும் என்று. அவள் "ம்" கொட்டிக்கொண்டே குழம்பை ஊற்றுவாள். அவள் காதில் எதுவும் ஏறுவதில்லை என்றுதான் எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழுப்பு இறகுக்கு வருகிறேன். இந்த வருட ஆரம்பத்தில் ஒரு பறவை அடிபட்டது. மிச்சம் கிடைத்தது இரண்டு வெள்ளை இறக்கையும் கொஞ்சம் வாலும். ஏற்கெனவே என் தலையில் ஒரு நாரை விழுந்திருந்தது. நான் முந்திக்கொண்டு, இது உண்ணிக்கொக்கு, உடம்பெல்லாம் வெள்ளை, புல் வெட்டுகிற வண்டிக்குப் பின்னாலேயே நடந்து பூச்சி பொறுக்குகிற ஜாதி, குற்றம் புல் பிரிவுடையது என்று மேனேஜர் அறையில் முழங்கினேன். வியாழக்கிழமைதோறும் கல்லூரியிலிருந்து வந்து பறவைகளைப் பார்த்துச் சொல்லும் பறவையம்மாகூடத் தலையாட்டிவிட்டார். அப்போது சகலை எழுந்து வந்து, இறக்கையின் அடியில் விரலை விட்டுத் துழாவி, கோடு போட்ட பழுப்பு இறகு ஒன்றைப் பிடுங்கி அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"உக்காந்தா மண்ணு நிறம், பறந்தாத்தான் வெள்ளை. தண்ணி ஓரத்துல அசையாம நிக்கிறது," என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "மடையான்."

பறவையின் பெயரே அதுதான், அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அறை முழுக்கச் சிரித்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து நிலையத்தில் என் பெயர் மடையான். பம்பு ஓட்டுகிறவன் முதல் கேட் காவலாளி வரை எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் சகலையும் அதற்குப் பிறகு நீ நான் என்று பேசியதில்லை. நீங்க, வாங்க, போங்க என்று மரியாதை ஏறிக்கொண்டே போனது. பெண்கள் இரண்டு பேரும் மட்டும் எதுவும் நடக்காதது போலத் துவைக்கிற கல்லில் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தபோது என் கணக்கில் இரண்டு அடி. வானம்பாடி ஒன்று, நெட்டைக்காலி ஒன்று என்று அவர் கணக்கிலும் இரண்டு. அடுத்த பறவை எங்களில் ஒருவரை வீட்டோடு தூக்கிக்கொண்டு போகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மூன்றாவது மதகில் தண்ணீர் தேங்கியது. பம்பு வைத்து இறைத்தால் அரை நாள் வேலை. ஆனால் பம்பை இழுத்து வர டிராக்டர் வேண்டும், டிராக்டர் புல் பிரிவில் இருந்தது. அதை அவரிடம் போய்க் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் அப்படியே கிடந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு ஜோடி ஆள்காட்டிகள் வந்து நடமாட ஆரம்பித்தன. ஆள் வருவதைக் கண்டால் ஊரைக் கூட்டிக் கத்துவதால் அதற்கு அந்தப் பெயர். என் ஜீப்பைக் கண்டாலே கத்தும். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். இதை இப்போது சொல்வதில் எனக்குப் பெருமை இல்லை.

ஆள்காட்டியில் எங்கள் பக்கம் இரண்டு வகை. சிவப்பு மூக்கு, மஞ்சள் மூக்கு என்று சொல்வார்கள். பெயரில் மூக்கு இருந்தாலும் பார்க்க வேண்டியது கண்ணுக்கு முன்னால் இருக்கும் தோலைத்தான். சிவப்பு மூக்குக்குத் தொண்டையும் நெஞ்சும் கருப்பு, அலகு சிவப்பு. அது தண்ணீர் பக்கத்திலேயே கிடக்கும். மஞ்சள் மூக்குக்கு நெஞ்சு மணல் நிறம், தலையில் கருப்புத் தொப்பி, தொப்பிக்குக் கீழே வெள்ளைக் கோடு. அது காய்ந்த கட்டாந்தரையை விட்டு நகராது. ஒன்று என் பறவை, மற்றொன்று அவர் பறவை. தலை இருந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும். தலை போய்விட்டால் சிக்கல், இரண்டுக்குமே கால் மஞ்சள்தான். காலில் ஒரே வித்தியாசம், சிவப்பு மூக்குக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு குட்டி விரல் உண்டு. மஞ்சள் மூக்குக்கு அது கிடையாது. முன்னால் உள்ள மூன்று விரலோடு சரி.

செவ்வாய்க்கிழமை காலை, வெளிச்சம் வந்து சூரியன் வராத நேரம். இறங்கிய விமானத்தின் சக்கரத்தில் ஏதோ அடிபட்டது என்று வாக்கி டாக்கியில் சொன்னார்கள். நான் பக்கத்தில் இருந்தேன். ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தேன். ஓடுபாதையின் நடுக்கோட்டில் கிடந்தது. தலை இல்லை, நெஞ்சு இல்லை. டயர் கருப்பு அப்பிய ஒரு இறக்கை, வால், ஒரு கால். மஞ்சள் கால்.

குனிந்து காலைத் திருப்பினேன். பின்விரல் இருந்தது.

பதினாறு வருட வேலை, வீடு, ஊழியர் கூட்டத்தில் முன் வரிசை நாற்காலி எல்லாம் அந்த அரிசி அளவு விரலில் வந்து நின்றது. அதைவிட, சகலை அந்த இடத்துக்கு வந்து, குனிந்து பார்த்து, நிமிர்ந்து என்னைப் பார்க்கப் போகும் பார்வைதான் என் கண்ணுக்கு முன் நின்றது. சாவிக் கொத்தில் நகவெட்டி இருந்தது. மாமனார் இரண்டு மருமகன்களுக்கும் ஒரே நாளில் ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்தது. நகம் வெட்டுவது போலத்தான் இருந்தது, ஒரு சொடுக்கு. வெட்டிய இடத்தில் டயர் கருப்பைத் தொட்டுத் தடவினேன்.

ஓடுபாதையில் வேலை பார்க்கிறவன் கீழே எதையும் போட மாட்டான். ஒரு நூல், ஒரு ஆணி, ஒரு காகிதத் துண்டு கிடந்தாலும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான், எஞ்சினுக்குள் போய்விடும் என்று முதல் நாளிலேயே பயம் காட்டி வைத்திருப்பார்கள். பதினாறு வருடமாக என் கை அப்படியே பழகிவிட்டது. விரலையும் என் கை எடுத்துப் பையில் போட்டது. நான் போடவில்லை, கைதான் போட்டது. அப்புறம் அதை மறந்தே போனேன்.

பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, முறைப்படி சகலையைக் கூப்பிட்டேன். இருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிச்சத்தைப் பையில் போட்டுக் கட்ட வேண்டும்.

வந்தார். தொலைநோக்கி நெஞ்சில் ஆடியது. இறக்கையைக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் காலைத்தான் எடுத்தார். புத்தகம் படித்தவர் அல்லவா. ஒரு தடவை பார்த்தார், திருப்பினார், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி பார்த்தார்.

"என் புல்லுல மஞ்சள் மூக்கு கிடையாது," என்றார்.

"பறவை உங்ககிட்ட சொல்லிட்டா வரும்?" என்றேன்.

"நாலு விரல் உசரத்துக்குக் குறைச்சு ஒரு இடத்துலயும் வெட்டலியே."

"எனக்கு எப்படிங்க தெரியும். நான் மடையான் ஆச்சே."

அவர் பேனாவை எடுத்தார். தாளில் "பின்விரல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நானாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் ஊரையே இரண்டாக்கியிருப்பேன். அவர் கண்ணால் பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது இரக்கம் வந்தது என்று சொன்னால் பொய். சந்தோஷமாக இருந்தது. ஜீப்பில் வரும்போது விசில்கூட அடித்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பின்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் மனைவியின் அக்கா அழுவது கேட்டது. பெரியவளுக்குப் பரீட்சை வருகிறதே, இந்த நேரத்தில் எங்கே போய் வீடு தேடுவது என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

"என்னாச்சுங்க?" என்றாள் என் மனைவி.

நான் சொன்னேன். கொஞ்சம் ருசித்தே சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம், தலை போனது, கால், சகலை முகம் தொங்கியது, எல்லாம். "ஒத்தை விரல்," என்றேன். "இருந்திருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். இல்லாம போனதால அவர் கதை முடிஞ்சுது. இன்னும் கொஞ்சம் சோறு போடு."

"அவங்க எங்க போவாங்க?"

"அதை மடையான்கிட்ட ஏன் கேக்கறே?"

அவள் சோறு போட்டாள். சாயங்காலம் நான் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். தினமும் செய்வது போல அவள் பையைத் துழாவி, அன்று சேர்ந்த ஆணி, நூல், பிளாஸ்டிக் துண்டு எல்லாவற்றையும் ஜன்னலில் இருக்கும் தகர டப்பாவில் கொட்டினாள். நான் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மேனேஜர் அறையில் கூடினோம். பறவையம்மா கையுறை மாட்டிக்கொண்டு பையைப் பிரித்தார். இறக்கையை விரித்தார், டயர் கருப்பைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார், காலை எடுத்தார், மறுபடி இறக்கைக்குப் போனார். அவர் நெற்றி சுருங்கியது.

"இறக்கையில வெள்ளைப் பட்டை அகலமா ஓடுது. மேல் பக்கம் வெண்கல நிறம் அடிக்குது. இதெல்லாம் சிவப்பு மூக்குக்குத்தான். ஆனா கருப்பு அப்பிக் கிடக்கறதால அடிச்சுச் சொல்ல முடியல. கால் வந்து மஞ்சள் மூக்குங்குது." அவர் மேனேஜரைப் பார்த்தார். "இறகு ஒண்ணு சொல்லுது, கால் ஒண்ணு சொல்லுது."

"காலைத்தானே மேடம் நம்பணும்," என்றேன். "இறகுல அழுக்கு ஒட்டும். விரல் என்ன ஒட்டவா போகுது."

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்று மேனேஜர் தாளைத் தட்டினார். "பின்விரல் இல்லைன்னு புல் பிரிவே எழுதிக் குடுத்திருக்கு. அப்புறம் என்ன?"

இப்போது சகலை எழுந்தார். மடையான் தினத்தில் எழுந்தது போலவே எழுந்தார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்து, பறவையம்மாவின் முன்னால் வைத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் அரிசி அளவில் மஞ்சளாக, நுனியில் நகத்தோடு ஒன்று கிடந்தது.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

பறவையம்மா அதைச் இடுக்கியால் எடுத்துக் காலின் பின்பக்கம் வைத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எனக்குத்தான் வெகுநேரம், அரை நிமிடம் இருக்கும்.

"பொருந்துது," என்றார். "பிஞ்சது இல்ல. வெட்டினது. இது சிவப்பு மூக்கு ஆள்காட்டி."

"அவர்கிட்டதானே இருக்கு," என்றேன். "அப்ப அவர்தான் வெட்டியிருக்கணும்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இந்த விரல் இருந்தா அவர் வேலை தப்பும். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்க எவன்யா வெட்டுவான்?" பிறகு சகலையிடம் திரும்பி, "இது எப்படி உங்ககிட்ட வந்துது?" என்றார்.

"அதைச் சொல்ல மாட்டேன் சார். அவரையே வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கச் சொல்லுங்க." சகலை தீப்பெட்டியை மூடினார். என் பக்கம் திரும்பி, பேச்சில் ஒரு துளி மரியாதையும் குறையாமல் சொன்னார். "நீங்க டிராக்டர் கேட்டிருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேன்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. மதகில் தண்ணீர் கிடந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் வந்து கேட்கட்டும் என்று அவரும் ஒரு வாரம் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதை மேனேஜரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். வெட்டினவன் பேச்சை யார் கேட்பார்கள். கடிதத்தை அங்கேயே தட்டச்சு செய்து கொடுத்தார்கள். பதவி அன்றோடு சரி, வீட்டுக்கு ஒரு வாரம்.

வீட்டுக்கு நடந்தே போனேன், ஜீப் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கேட் காவலாளி எழுந்து நிற்கவில்லை.

மனைவி கட்டிலில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்து என் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சட்டைப் பையில இருந்து எடுத்து அவன்கிட்டக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அது என்னன்னு தெரியாம குடுத்தியா? ஏதோ நகம், ஏதோ குப்பைன்னு நினைச்சு, இது என்ன அத்தான்னு கேட்டியா?" அவள் ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆமாம் என்றால் திட்டிவிட்டு மன்னித்துவிடலாம்.

அவள் மடித்த சட்டையைக் கையால் நீவினாள்.

"ஆள்காட்டியோட பின்விரல். பின்விரல் இருந்தா சிவப்பு மூக்கு, மஞ்சள் மூக்குக்குக் கிடையாது. சிவப்பு மூக்குன்னா தண்ணி, தண்ணின்னா நீங்க. எட்டு வருசமா குழம்பு ஊத்தும்போது இதைத்தானே ஒப்பிச்சீங்க? அத்தானுக்கு அது என்னன்னு புரியவே நேரம் ஆச்சு. நான்தான் எடுத்துச் சொன்னேன்."

"என் வேலை போச்சு. தெரியுதா உனக்கு?"

"தெரியும். அவங்களை நடுத்தெருவுல நிறுத்திட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடுன்னு கேட்டீங்களே, அதுவும் தெரியும்."

நான் கையை ஓங்கவில்லை. ஓங்கினது மாதிரி நின்றேன் என்று பிற்பாடு அவள் அக்காவிடம் சொன்னதாகக் கேள்வி. பெட்டியைப் பார்த்தேன். என் சட்டை, என் பேன்ட், என் பறவைப் புத்தகம். அவளுடையது ஒரு புடவைகூட இல்லை.

"உன் துணி எங்கே?"

"கொடியில காயுது. அக்கா வீட்டுல மடிச்சுக்குவேன்."

ஜன்னலிலிருந்து தகர டப்பாவை எடுத்து, பதினாறு வருட ஆணியும் நூலும் கலகலக்க, அதையும் பெட்டியின் மூலையில் வைத்து மூடியைச் சாத்தினாள். நான் பெட்டியைத் தூக்கினேன். வாசல் வரை வந்தாள். வழியனுப்ப வருகிறாள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

"சாவிக் கொத்தைக் குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். வீட்டுச் சாவியைத் தொடவே இல்லை. நகவெட்டியை மட்டும் வளையத்திலிருந்து திருகிக் கழற்றி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என் கையில் திருப்பி வைத்தாள்.

"இது எங்கப்பா மாப்பிள்ளைக்கு வாங்கினது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.